காலி வீட்டு வரி

அத்தியாயம் பதினொன்று

வசூல் நாள் விடிந்ததும் சதாசிவத்துக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

போன மாதமும் இதே நாளில்தான் படுத்தான். வரி வாங்கப் போனவன், பின் லயத்தில், குடியிருப்பின் பின்வரிசையில், மணியம் வீட்டு வாசலில் நின்று முறைப்படி பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. பிறகு, "இருக்கேன் தம்பி" என்று மணியத்தின் குரல் வந்தது. வாசற்படியில் வெற்றிலை மேல் அரை வெள்ளிக் காசு இருந்தது. காசை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கம்பளிக்குள் சுருண்டவன் எழுந்திருக்கப் பல நாள் ஆயிற்று.

மணியம் அதற்கு மூன்று மாதம் முன்பே செத்துப்போயிருந்தான்.

"அண்ணி, என்னைக் கொன்னு போட்டாலும் பின் லயத்துக்குப் போக மாட்டேன்."

"கொன்னா அதுக்கும் செலவு இருக்கு. படு."

அங்கம்மா கொழுந்தன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பொய்க் காய்ச்சல் இல்லை, கை சுட்டது. அடுப்படியில் மகள் சந்திரமதி நேற்றைய சோற்றை உருட்டி உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தாள். பதினோரு வயது. சித்தப்பன் சொன்னதைக் கேட்டும் அந்த முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பேய்க் கதை என்றால் பாய்க்குள் ஒளிகிற பிள்ளை அது.

"மத்தியானம் பள்ளிக்கூடம் நேரத்துக்குப் போயிடு. பராக்குப் பார்க்காத."

"சரிம்மா."

அங்கம்மா பால் வெட்டும் உளிக்கத்தியை இடுப்பில் செருகி, வாளியை எடுத்துக்கொண்டு காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நடந்தாள்.

குளுவாங் பக்கத்து ஏழாங்கட்டைத் தோட்டத்தில் அந்த வருஷம் பெரட்டுக் களம் ரொம்பப் பெரியதாகத் தெரிந்தது. களம் பழைய களம்தான். நிற்கிற ஆட்கள் குறைந்துபோனார்கள். ரப்பர் விலை விழுந்ததில் தோட்டத்தில் பாதியை மூடியாயிற்று. வேலை போனவர்களைச் சர்க்கார் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கப்பலுக்குப் பயந்தவர்கள் ஜொகூர் பாருவுக்கு ரோட்டு வேலை தேடி நடந்தார்கள். அங்கம்மாவின் புருஷன் வேலுவும் அப்படி நடந்தவன்தான். போனவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மூர்த்திக் கங்காணி பேர் கூப்பிட்டார். பனிக்குள்ளிருந்து ஒவ்வொருத்தராகப் பதில் சொன்னார்கள். சதாசிவம் பேருக்குப் பதில் இல்லை.

"காய்ச்சலுங்க" என்றாள் அங்கம்மா.

"வசூல் நாளைக்குன்னு வருது பாரு. அவன் உடம்புக்குள்ள பஞ்சாங்கம் இருக்கு."

நாலு பேர் சிரித்தார்கள். சீக்கிரமே நிறுத்திக்கொண்டார்கள்.

"இந்த வருஷம் வசூல் முறை வேலு வீட்டுக்கு. வேலு இல்லை, தம்பி போனான். தம்பியும் இல்லைன்னா நீ போ."

"பொம்பளையா வசூலுக்குப் போறது?"

"ஆம்பள எங்க இருக்கான் லா இங்க?" கங்காணி களத்தைக் கையால் காட்டினார். "பொழுது சாயறதுக்குள்ள வாத்தியார் சம்பளம் முழுசா என் கைக்கு வரணும். வரலைன்னா துரை பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்திடுவாரு. சாத்தினா, பத்து வயசுக்கு மேல இருக்கிற புள்ளைங்க எல்லாம் மறுநாளே புல்வெட்டு. உன் மகளுக்கு என்ன வயசு?"

அவருக்குத் தெரியும்.

புல்வெட்டு என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பது வயதில் அவள் கையில் கொடுத்த மண்வெட்டியின் தழும்பு இன்னும் கட்டைவிரலடியில் கிடக்கிறது. அரைச் சம்பளம், முழு வெயில், அட்டைக்கடி. தன் பிள்ளை ஒரு பேரையாவது எழுதக் கற்றுக்கொண்டு, ஒரு கடையிலோ ஆஸ்பத்திரியிலோ நிழலில் நிற்க வேண்டும். வேறு ஆசை அவளுக்கு இல்லை. இருந்தாலும் அதை வைக்க இடமில்லை.

வரி வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைக்கு இவ்வளவு என்று சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்து வந்த பணத்தில் பெரும்பகுதியை வெட்டிவிட்டது. ரப்பரும் அன்னாசியும் விலை போகாமல் சர்க்கார் கஜானாவே காய்ந்து கிடக்கிறது என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வந்து சொன்னார். கம்பெனியும் கையை விரித்தது. அப்புறம் யார் இருக்கிறார்கள்? மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம் போட்டு, திருவிழாவுக்கு எடுப்பதைப் போலத் தலைக்கட்டு வரி போட்டார்கள். ஒரு வீடு ஒரு புள்ளி. புள்ளிக்கு மாதம் அரை வெள்ளி. வாத்தியார் சம்பளத்துக்குச் சரியாக வந்தது.

வந்தது முதல் மாதம்தான். இரண்டாம் மாதம் பின் லயம் முழுக்கக் கப்பலுக்குப் போயிற்று.

போனவர்களின் பேரை எடுத்துவிடலாம் என்றார் கங்காணி. ஜனம் ஒப்பவில்லை. திருவிழா வரியில் ஒரு வீட்டுப் பேரை எடுத்தால், அந்த வீடு அற்றுப்போய்விட்டது என்று அர்த்தம். போகும்போது ஒவ்வொருத்தரும் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க புள்ளியை எடுத்துடாதீங்க, விலை ஏறினதும் வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் லாரியில் ஏறினார்கள். அண்ணன் தம்பி வீட்டை, சம்பந்தி வீட்டை அற்றுப்போனதாக எழுத யாருக்கு மனசு வரும்? பேர் இருக்கட்டும், வாசலில் போய் முறைப்படி கூப்பிடட்டும், குறைகிற பணத்தை இருக்கிற வீடுகள் பங்கு போட்டுக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று.

பாசத்தில் எடுத்த முடிவு. அரை வெள்ளி முக்கால் ஆனது. முக்கால், ஒன்றாகப் போகிற நேரத்தில் மணியம் செத்த செய்தி வந்தது. கப்பலுக்குக் காத்திருந்த கேம்பிலேயே வயிற்றுப்போக்கில் போய்விட்டான். பெண்சாதியும் பிள்ளைகளும் மட்டும் கப்பலேறினார்கள். அப்போதும் பேரை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான், போன மாதம், காலி வீடுகள் வரி கட்டின.

ஒன்றல்ல, பின் லயம் மொத்தமும். ஒவ்வொரு வாசற்படியிலும் வெற்றிலை, அதன்மேல் அரை வெள்ளி. இருக்கிற வீடுகளின் பங்கும் பழையபடி அரை வெள்ளிக்கே இறங்கியது. யாரும் எப்படி என்று கேட்கவில்லை. கேட்டால் அந்தக் காசு நின்றுபோகும். நின்றால் தலைக்கு இன்னும் கால் வெள்ளி.

*

ரப்பர் பாலை எடை போட்டு முடிந்து, மத்தியானத்துக்கு மேல் அங்கம்மா வசூல் செம்பை எடுத்தாள். வானம் இருண்டு, மழை வருமா வராதா என்று தொங்கிக்கொண்டிருந்தது.

முன் லயத்தில் ஆட்கள் இருந்தார்கள். அதனால் தொல்லை இருந்தது.

"முதல்ல பின் லயத்துல வாங்கிட்டு வா" என்றாள் வெள்ளையம்மா, வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டு. "அவங்க எவ்வளவு கட்டுறாங்கன்னு பார்த்துட்டு நான் தரேன்."

"செத்தவங்க கட்டினா நீ குறைச்சுக் கட்டுவியா?"

"நான் ஏன்க்கா கட்டணும்? என் புருஷனுக்கு வேலை பாதி நாளு. அவங்களுக்கு அரிசிச் செலவு இல்லை, துணிச் செலவு இல்லை. காசு இருக்கிறவங்க கட்டட்டும்."

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே போய் அரை வெள்ளி கொண்டுவந்து வெற்றிலையில் வைத்தாள்.

"புள்ளி நிலைக்கட்டும்" என்று முறைக்குச் சொல்லிவிட்டு அங்கம்மா காசை எடுத்தாள்.

"உன் மக ராஜம்மா பள்ளிக்கூடம் போயிட்டாளா?"

"போயிட்டா. உன் மகதான் வந்து கூட்டிட்டுப் போனா. இப்பல்லாம் கூப்பிடாமலே ஓடுறாளுங்க. காசு கொடுக்கிறோம்னு புத்தி வந்திருக்கு."

பின் லயத்துக்கு ஒரு சின்ன மேட்டைத் தாண்டிப் போக வேண்டும். மேட்டில் ஏறியதும் அங்கம்மா நின்றாள். ஆள் போன லயம் எப்படியிருக்கும் என்று அவள் நினைத்து வைத்திருந்தாள். புல் ஏறியிருக்கும், சாணி காய்ந்திருக்கும், ஓலைத் தட்டி சரிந்திருக்கும் என்று.

வாசல்கள் கூட்டியிருந்தன.

ஒவ்வொரு வீட்டு முன்னாலும் தண்ணீர் தெளித்த ஈரம். அவரவர் அளவுக்குக் கோலம். தங்கராஜு வீட்டுக்காரி எப்போதும் ஒரு மூலையில் மூன்று இதழ் பூ போடுவாள். அந்தப் பூ அதே மூலையில் இருந்தது. தங்கராஜு வீட்டுக்காரி இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தாள்.

காற்று இல்லை. கோழி இல்லை. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை.

"தங்கராஜு!" அங்கம்மா கூப்பிட்டாள்.

வசூல்காரர் வாசற்படியைத் தாண்டக் கூடாது. மூன்று தடவை கூப்பிட வேண்டும். குரல் வந்தால்தான் புள்ளி இருக்கிறது, அதன் பிறகுதான் காசில் கை வைக்கலாம். அதுதான் முறை.

"தங்கராஜு!"

"இருக்கேங்க." மெல்லிய குரல், கதவுக்குப் பின்னால் இருந்து.

அங்கம்மாவின் பிடரி மயிர் நின்றது. வாய் மட்டும் பழக்கத்தில், "புள்ளி நிலைக்கட்டும்" என்றது. கை காசை எடுத்தது.

அடுத்த வீடு. அதற்கடுத்தது. எல்லாவற்றிலும் இருக்கேன், இருக்கேங்க, உள்ளதாங்க. சில குரல் பெரியது, சிலது சின்னது. ஒன்று தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல் இருந்தது. செம்பு கனத்தது. காசைத் தொட்டால் அது வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்து வைத்ததுபோல.

கடைசி வீடு மணியம் வீடு. அங்கம்மாவின் சுவரை ஒட்டி முன்பு குடியிருந்து, குடும்பம் பெருத்ததும் இங்கே மாறிவந்தவன் அவன். சொந்தம் இல்லை. ஆனாலும் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். அப்படிக் கூப்பிட இந்தத் தோட்டத்தில் அவளுக்கு வேறு ஆள் இல்லை.

"மணியம்!"

இருமல். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் சிக்கி, கடைசியில் ஒரு 'ஹ்ம்' போட்டு முடிகிற இருமல். அவனுடையதேதான்.

"இருக்கேன். யாரு, தங்கச்சியா?"

அங்கம்மா காசுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"வேலு வந்துட்டானா தங்கச்சி?"

"இல்லை" என்றாள். தான் பதில் சொல்கிறோம் என்பதே சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ரோட்டு வேலைக்குன்னு சொல்லிட்டுப் போனான். அங்க போகல அவன். எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்."

"எங்க போனாரு?"

மறுபடி இருமல். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் குடைந்தது. "காசை எடுத்துக்க தங்கச்சி. பள்ளிக்கூடம் மூடிடப் போறாங்க."

பயத்தில் ஓடுகிறவர்கள் உண்டு. அங்கம்மா பயந்தால் கோபப்படுகிறவள். செம்பைக் கீழே வைத்தாள். முறையாவது ஒன்றாவது என்று படியைத் தாண்டி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

முதலில் நாற்றம் அடித்தது. புளித்த ஒட்டுப்பால் நாற்றம். இருட்டு பழகியதும் மூலையில் கூடை கூடையாக அது குவிந்திருப்பது தெரிந்தது. மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டிக்கொள்கிற பால், உரித்து உருட்டினால் எடைக்குப் போகும். மூடிப்போட்ட பழைய காட்டில் உரித்தது. கம்பெனிச் சொத்து. அதில் ஒரு உருண்டையோடு பிடிபட்டால் ஜெயில்.

கூடைகளுக்கு நடுவே, ஒரு ஓட்டைப் பால்வாளிக்குள் முகத்தைக் கவிழ்த்து, கால்களை மடக்கி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மணியம் உட்காருவதைப் போல, ஒரு முழங்காலைக் கட்டிக்கொண்டு.

அவள் வாளியிலிருந்து முகத்தை எடுத்தாள்.

"சந்திரமதி!"

பிள்ளை அவளைப் பார்த்தது. மரியாதையாக, வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டு ஆளைப் பார்ப்பதுபோல.

"அவ இல்லை தங்கச்சி" என்றது. "பள்ளிக்கூடம் போயிருக்கா."

*

அறைந்த சத்தத்துக்கு அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. வெள்ளையம்மா மகள் ராஜம்மா ஓடிவந்தாள். எட்டு வயதுக்காரி, கை முழுக்க ரப்பர் கறுப்பு.

"அடிக்காதீங்க பெரியம்மா! அது மணியம் மாமா! அடிச்சா வீடு போயிடும்!"

"யாருடி மாமா? இது என் பொண்ணு!"

"காசு கங்காணி கைக்குப் போற வரைக்கும் சொந்தப் பேருக்குப் பதில் சொல்லக் கூடாது. சொன்னா அந்த வீட்டுப் புள்ளி செத்துடும்." ராஜம்மா அழுதாள். "நான் தங்கராஜு மாமா. இப்ப நானாப் பேசிட்டேன். எங்க வீடு போயிடுச்சு!"

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாக் கதவும் திறந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை நின்றது. யாரும் வெளியே வரவில்லை. அவரவர் வாசற்படிக்கு உள்ளேயே நின்று, வேலையிலிருந்து வந்த பெரியவர்களைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

அங்கம்மா ராஜம்மாவைத்தான் பிடித்து உலுக்கினாள். விஷயம் துண்டு துண்டாக வந்தது. வரி ஒரு வெள்ளி ஆகப் போகிறது என்று வீடுகளில் அம்மாக்கள் அழுதது. பள்ளிக்கூடம் மூடினால் புல்வெட்டு என்று அப்பாக்கள் சொன்னது. அப்புறம் பிள்ளைகளே கூடிப் பேசி, ஆளுக்கொரு காலி வீட்டை எடுத்துக்கொண்டு, வாசல் கூட்டிக் கோலம் போட்டு, அந்த வீட்டு ஆளாகவே ஆனது. மத்தியானம் பள்ளிக்கூட நேரத்தில் பழைய காட்டில் ஒட்டுப்பால் உரிப்பது. ரோட்டோரத்துச் சீனக் கடைக்காரத் தவ்கே ஒருத்தன் பின்வாசல் வழியாக எடை போட்டு வாங்குவது.

"தினமுமா?"

"ஆமா பெரியம்மா."

"அப்போ பள்ளிக்கூடத்துக்கு யாருடி போறது?"

ராஜம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.

"அதுக்குத்தானே பெரியம்மா காசு கட்டுறோம்."

அங்கம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். கன்னத்தில் விரல் தடம் சிவந்திருந்தது. பிள்ளை அழவில்லை. ஒரு முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது.

"உங்கப்பன் ரோட்டு வேலைக்குப் போகலைன்னு உனக்கு யாரு சொன்னது?"

"வேலுதான் சொன்னான்" என்றது பிள்ளை, மணியத்தின் குரலில். இப்போது வாளி கையில் இல்லை.

*

பள்ளிக்கூடம் கோயிலுக்கும் பால் கொட்டகைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. ஒரு கையில் செம்பும் மறு கையில் மகளுமாக அங்கம்மா இறங்கி வந்தபோது, உள்ளேயிருந்து வாத்தியார் ஸ்டானிஸ்லாஸின் குரல் கேட்டது. ஆஜர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ராஜம்மா."

சின்ன இடைவெளி.

"உள்ளேன் ஐயா."

அதுவும் அவர் குரல்தான். கொஞ்சம் மெல்லியதாக்கிச் சொன்னார். பிறகு அடுத்த பேர். இடைவெளி. உள்ளேன் ஐயா.

அங்கம்மா வாசலில் நின்றாள். பெஞ்சுகள் வரிசையாக, துடைத்து வைத்தபடி காலியாக இருந்தன. ஒவ்வொரு இடத்திலும் ஒரு சிலேட்டு. வாத்தியார் வேட்டி கசங்காமல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பேர் சொல்லும்போது அந்தந்த இடத்தைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். குளுவாங்கிலிருந்து வந்த ஆள். வீட்டில் நாலு வாய். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவர்.

அவளைப் பார்த்ததும் எழுந்தார். மூடி மறைக்கவில்லை.

"எல்லாரும் வந்திருக்காங்கம்மா" என்றார்.

"எங்க வாத்தியாரே?"

அவர் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்தார்.

"ஆள் குறைஞ்சா இருக்கிற கொஞ்சப் பணத்தையும் சர்க்கார் நிறுத்திடும். அதுக்காக எழுதுறேன்."

"எழுதுறீங்க சரி. கூப்பிடுறது எதுக்கு?"

வாத்தியார் ஆஜர் ஏட்டை மூடி வைத்தார்.

"முதல்ல ரெண்டு பேர் வரல. எங்கடா போறீங்கன்னு பிடிச்சுக் கேட்டேன். 'உங்க சம்பளத்துக்குத்தான் ஐயா போறோம்'னு சொன்னாங்க. அதுக்கு நான் என்னம்மா சொல்றது? எங்க வீட்டுலயும் அடுப்பு எரியணும்." காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார். "இங்க சும்மா உட்கார்ந்திருந்தா சத்தமே இல்லை. ஒரு நாள் பேர் கூப்பிட்டுப் பார்த்தேன். பழகிடுச்சு. சில நாள் நான் பதில் சொல்றதுக்கு முன்னாடியே..."

வாசல் பக்கம் திரும்பினார்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மூர்த்திக் கங்காணி குடையும் கையுமாக வந்துகொண்டிருந்தார்.

"என்ன அங்கம்மா, நேரா இங்கயே வந்துட்டியா? கொண்டா."

செம்பை அவள் கொடுக்கவில்லை. கொடுத்தால் பள்ளிக்கூடம் இருக்கும். பிள்ளை இருக்காது. கொடுக்காவிட்டால் இரண்டும் இல்லை, நாளைக்கே புல்வெட்டு. இத்தனை நாளும் எதைக் காப்பாற்றவென்று மருந்துக்கு வைத்த காசையெல்லாம் வரியில் போட்டாளோ, அது எப்போதோ அவள் வீட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டது. அவள் தலை வாரிவிட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"மணியம் வீட்டுப் புள்ளியை என் தலையில எழுதிக்கங்க" என்றாள்.

"எதுக்கு? அந்த வீடுதான் ஒழுங்கா கட்டுதே."

"இனிமே கட்டாது. நான் கட்டுறேன். ரெண்டு வீட்டுக்கும்."

"எதுல இருந்து கட்டுவ? உன் ஒத்தைச் சம்பளத்துலயா?"

"விடியறதுக்கு முன்னாடி பழைய காட்டுல சுள்ளி பொறுக்குவேன். விறகு விப்பேன். அது என் பாடு. இவ இந்தப் பெஞ்சுல உட்காரணும். தினமும். அவ்வளவுதான்."

கங்காணி பிள்ளையைப் பார்த்தார். பிள்ளையின் கறுத்த நகங்களைப் பார்த்தார். கன்னத்துத் தடத்தைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமலே மூடிக்கொண்டார். கேட்டுவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் துரையிடம் சொல்ல வேண்டும்.

"சரி, உன் இஷ்டம்." செம்பை வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இப்பத்தான் கிராணி சொன்னாரு. அடுத்த கப்பலுக்கு முன் லயத்துலயும் பாதி வீடு போகுது. வாத்தியாரே, கவலைப்படாதீங்க. ஆள் இருக்கிற வீடுதான் தகராறு பண்ணும். காலி வீடு ஒரு வார்த்தை பேசாம கட்டிடுது. கிராணியும் அதையேதான் மேல எழுதப் போறாராம். இந்தத் தோட்டத்து ஜனம் தாங்களே பார்த்துக்கிறாங்க, சர்க்கார் பணம் தேவைப்படாதுன்னு."

குடையை விரித்துக்கொண்டு போனார். தகரக் கூரையில் முதல் தூறல் விழ ஆரம்பித்தது.

காசு கங்காணி கைக்குப் போய்விட்டது. அங்கம்மா மகளைத் தோளைப் பிடித்து முதல் பெஞ்சில் அமர்த்தினாள். மடங்கிய முழங்காலை இழுத்து நேராக்கினாள். சிலேட்டை எடுத்து மடியில் வைத்தாள். கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"முடிஞ்சுதுடி கண்ணு. கொடுத்தாச்சு. இனி நீ நீதான்."

பிள்ளை சிலேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கூப்பிடுங்க வாத்தியாரே."

ஸ்டானிஸ்லாஸ் தொண்டையைச் செருமினார். "சந்திரமதி."

மழைச் சத்தம்.

"நீங்க சொல்லிடாதீங்க" என்றாள் அங்கம்மா. "அவளே சொல்லட்டும். இன்னொரு தரம்."

"சந்திரமதி."

பிள்ளை மெல்லத் தலையைத் தூக்கியது. வாத்தியாரைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. பிறகு, கூப்பிடுகிறார்களே அவள் ஏன் பதில் சொல்லாமல் இருக்கிறாள் என்பதுபோல், திரும்பிப் பின்னாலிருந்த காலிப் பெஞ்சுகளில் ஒவ்வொரு இடமாகத் தேட ஆரம்பித்தது.